மேற்படி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கேபி இருந்த கோப்பு, இப்போது இருநூற்று முப்பத்தொன்று. மறுபடி பார்த்தேன், அதே இருநூற்று முப்பத்தொன்று. பக்கத்தில் மஞ்சள் உறையின் மேல் பைக்குப் போடுகிற ஜிப் மாதிரி ஒரு கோடு போட்ட சின்னப் படம். நான் பண்ணினதுதான். கோவை ஹாஸ்டலிலிருந்து சுடர்விழி காலையில் போனில் சொன்னாள், கோப்பின் மேல் மவுஸின் வலது பக்கப் பொத்தானை அழுத்து, ஜிப் பண்ணும்மா, சின்னதாயிடும் என்று, அதற்குமேல் கேட்பதற்குள் லேபுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பது எப்போதும் இப்படித்தான், வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு ஓடிப்போவார்கள், உள்ளே போவது நம் பாடு. சின்னதாயிடும் என்றால் எவ்வளவு சின்னதாகும், எதனால் ஆகும், ஆனபிறகு அது அதுவாகவே இருக்குமா? மணி பத்தரை. ஒன்றேகாலுக்கு எங்கள் கோர்ட்டு வக்கீல் அஸ்மா, கண் தெரியாதவள், வந்துவிடுவாள். இரண்டு நாற்பது ரயிலுக்கு அவள் சென்னை போகிறாள், அங்கே அக்கா வீட்டில் இரண்டு மாதம் தங்கிப் படித்து உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு எழுதப்போகிறாள், அவள் படிக்கவேண்டியது அத்தனையும் இந்தக் கணினிக்குள் என் குரலாகக் கிடக்கிறது. அறுபத்திரண்டு கோப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி, மூன்று மாதமாகத் தினம் சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு சட்டப் புத்தகத்தை மைக்குக்கு முன்னால் வைத்து வாசித்தது, முப்பத்தொரு மணி நேரம். அஸ்மா கொடுத்துவிட்டுப் போன பென் டிரைவில் ஒரு ஜிபி கொள்ளும். நான் பேசியது நாலே முக்கால் ஜிபி. நேற்று வரைக்கும் எனக்கு இது உறைக்கவேயில்லை, பேச்சுக்குக்கூட இடம் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் முதலில் தட்டச்சுக் குறிப்பைத்தான் சுருக்கிப் பார்த்தேன், கேள்வியும் பதிலுமாக நான் அடித்துவைத்த குறிப்பு, அஸ்மாவின் கணினி அதை அவளுக்கு இயந்திரக் குரலில் வாசித்துக் காட்டும். அது எட்டில் ஒரு பங்காகி உட்கார்ந்திருக்கிறது. எட்டில் ஒரு பங்கு! அப்படியானால் நாலே முக்கால் முக்கால்கூட ஆகாது, பென் டிரைவில் போட்டாலும் இடம் மிஞ்சும். எனக்குக் கை பரபரவென்று இருந்தது. இருபத்துமூன்று வருடமாகக் கோர்ட்டில் சுருக்கெழுத்தர் வேலை பார்க்கிறவள், என் கண்ணெதிரில் ஒரு இயந்திரம் சுருக்கெழுத்து எழுதிவிட்டது, நான் பேனா எடுத்துப் புத்தகம் விரிப்பதற்குள்.

ஆனால் மீதி எங்கே? அதுதான் உடனே வந்து குத்தியது. எட்டுப் பங்கில் ஏழு பங்கு போயிருக்கிறதே, எங்கே போனது, யாரைக் கேட்டு எடுத்தார்கள்? சப்-கோர்ட்டில் நான் சேர்ந்த வருடம் ஒரு நீதிபதி இருந்தார், சாட்சி பத்து வரி சொன்னால் இரண்டு வரியாக்கி எனக்குச் சொல்வார், நான் எழுதுவேன். ஒரு நாள் ஒரு அம்மாள், மகனைப் பறிகொடுத்தவள், கூண்டில் நின்றுகொண்டு, அவன் காலையில் எழுந்தது முதல் பல் விளக்கியது, இட்லி வேண்டாம் என்றது, சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது என்று சொல்லிக்கொண்டே போனாள், நீதிபதி என் பக்கம் திரும்பி, சம்பவத்தன்று காலை என் மகன் வழக்கம்போல் வீட்டை விட்டுப் புறப்பட்டான், என்றார். வழக்கம்போல். நான் எழுதினேன். அந்த இட்லியும் பொத்தானும் எந்தக் காகிதத்திலும் இல்லை, என் தலைக்குள் மட்டும் இருக்கின்றன, அந்த அம்மாள் இருக்கிறாளோ இல்லையோ. இந்த ஜிப்பும் வழக்கம்போல் என்று எழுதிவிட்டதோ? சுருக்கியதை வேறொரு இடத்தில் விரித்துப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. திறந்தேன், முதல் பக்கம் சரி, கடைசிப் பக்கம் சரி, நடுவில் நான் தப்பாக அடித்துவிட்டுத் திருத்த மறந்த ஒரு கொம்புகூட அந்தத் தப்போடு அப்படியே நின்றது. எழுத்தெண்ணிக்கை இரண்டிலும் ஒன்று. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை, ஓர் இடைவெளிகூட. எதையும் எடுக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறது. நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். சனிக்கிழமை சமையல் அவருடையது, என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், கத்தரிக்காயைத் தண்ணீரில் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டில் ஒரு பங்கானாலும் எதுவும் தொலையவில்லை என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இந்த வாரம் நம் தெருவுக்கு ஒன்றரை மணிக்குக் கரண்டு போகும், அதை ஞாபகம் வைத்துக்கொள் என்றார். அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும், சந்தோஷமாகத்தான் இருக்காது.

திரும்பி வந்து உட்கார்ந்து உதவிப் பக்கத்தைத் திறந்தேன். ஆங்கிலம்தான், ஆனாலும் டிக்டேஷன் எடுக்கிற ஆங்கிலத்துக்கு இது ஒன்றும் பெரிதில்லை. ஒரு சொற்றொடர் முன்னால் வந்திருந்தால் அதை மறுபடி எழுதுவதில்லை, இத்தனை எழுத்து பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள் என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதிவைக்கும் என்று போட்டிருந்தது. இரண்டாம் தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், மேற்படி. அட, மேற்படி! பத்திரம் எழுதுகிறவர்கள் இருநூறு வருடமாகச் செய்துவருவது. விருத்தாசலம் வட்டம், மங்கலம்பேட்டை கிராமம், சர்வே எண் இன்னது, வடக்கே வாய்க்கால், தெற்கே பாதை என்று ஒரு முறை எழுதினால் போதும், அப்புறம் மேற்படி சொத்து, மேற்படி சொத்தில் மேற்படியார் மேற்படி தேதியில். படிக்கிறவன் மேலே போய் எடுத்துக்கொள்ள வேண்டியது. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் குறையாது, வாய்க்கால் காணாமல் போகாது. நான் இருபத்துமூன்று வருடத்தில் எத்தனை லட்சம் மேற்படி அடித்திருப்பேன், ஒரு நாளும் அதற்குள் இப்படி ஒரு சூட்சுமம் இருக்கிறது என்று தோன்றியதில்லை, அது கோர்ட்டுப் பாஷை, சனியன் பிடித்த பாஷை என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த பத்தியில் இன்னொன்று இருந்தது. அடிக்கடி வருகிற எழுத்துக்குச் சின்னக் குறி, எப்போதோ வருகிற எழுத்துக்கு நீளக் குறி. இது என் தொழிலேதான். ஆகவே, என்று, இல்லை, இவற்றுக்கெல்லாம் ஒரு கீற்று, ஒரு புள்ளி. கனம் கோர்ட்டார் அவர்கள் என்பதற்குப் பேனா ஒரு சுழி சுழித்தால் முடிந்தது. ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு சாட்சி சொன்னால்தான் முழுசாக எழுதவேண்டும், அவர் சொல்லப்போவதில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. புதுக் கோப்பு ஒன்று திறந்து மேற்படி என்று அடித்து, அதை நகலெடுத்து ஒட்டி ஒட்டி ஆயிரம் முறை ஆக்கிச் சுருக்கினேன், ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது, பெயரும் எண்ணிக்கையும் மட்டும் மிஞ்சியிருக்கும்போல. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலையும் இஷ்டத்துக்கு ஓட்டி அர்த்தமில்லாமல் ஒரு பக்கம் அடித்துச் சுருக்கினேன், அது அவ்வளவாக இளைக்கவில்லை. அப்படியானால் சுருங்கிய கோப்பை மறுபடி சுருக்கினால்? செய்தேன், இரண்டு கேபி கூடிவிட்டது, சிரிப்பு வந்தது, பிழிந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் கைதான் வலிக்கும். பதினொன்று பத்து. அஸ்மாவின் வேலையை விட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் விளையாடியது இன்றுதானோ?

அந்த நினைப்புதான் கொண்டுபோய் விட்டது. கல்யாணம் ஆகி இருபத்தொரு வருடம். காலையில் ஐந்தரைக்குப் பால், எட்டே முக்காலுக்குப் பஸ், பத்தரைக்கு நீதிபதி வருவார், எழுந்து நிற்பது, உட்கார்வது, எழுதுவது, அடிப்பது, மேற்படி, ஆறரைக்கு வீடு, சாப்பிடலாமா என்பார் அவர், ம் என்பேன் நான், மேற்படி, மேற்படி, மேற்படி. இதை ஜிப் பண்ணினால் எவ்வளவு வரும்? ஏழாயிரத்துச் சொச்சம் நாள், ஒரு நாளை எழுதிவிட்டு இத்தனை முறை என்று ஓர் எண்ணைப் போட்டால் தீர்ந்தது. நடுவில் சுடர்விழி பிறந்த நாள் சுருங்காது, அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாள் சுருங்காது, அப்பா போன நாள், நாங்கள் தரங்கம்பாடிக் கடலைப் பார்க்கப் போய் மழையில் திரும்பிய நாள். அப்புறம்? விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன், இரண்டு கை விரல்கூட நிறையவில்லை. நாற்பத்தாறு வயசு ஒரு மஞ்சள் உறைக்குள் போய்விடும், மூலையில் கிடக்கும், திறந்தால் ஒரே நாள்தான் எழுந்து எழுந்து வரும். அடுப்படியில் கடுகு வெடித்தது. அதுவும் மேற்படி. சனிக்கிழமைதோறும் இந்நேரத்துக்கு இதே கடுகு. போதும், வேலையைப் பார், ஒன்றேகாலுக்கு ஆட்டோ வந்து நிற்கும் என்று என்னையே அதட்டிக்கொண்டு முதல் குரல் கோப்பை எடுத்தேன். எழுபத்தொன்பது எம்பி. எட்டில் ஒன்றென்றால் பத்து ஆகவேண்டும். பொத்தானை அழுத்தினேன், பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, நின்றது. எழுபது.

எழுபது. தப்பாகச் செய்துவிட்டேனோ என்று இரண்டாவது கோப்பைப் போட்டேன், எழுபத்தொன்று. பத்தாவது, அறுபத்தொன்பது. இப்படியே அறுபத்திரண்டையும் சுருக்கினாலும் நாலே கால் ஜிபிக்குக் குறையாது. பென் டிரைவில் பதிமூன்று கோப்பு போகும், மிச்சம் நாற்பத்தொன்பது விருத்தாசலத்திலேயே கிடக்கும், அஸ்மா பரீட்சைக்குக் கால்வாசிச் சட்டத்தோடு போவாள். பார்வை முழுக்கப் போய் ஆறு வருடம் ஆகிறது அவளுக்கு, அதற்கு முன்னால் நாலு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, வக்கீலாகப் பதிவு செய்த அன்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முகம் தெரியவில்லையாம், அடுத்த வருடம் முன் பெஞ்சு. இயந்திரக் குரலில் சட்டம் கேட்டால் எல்லா வார்த்தையும் ஒரே உயரத்தில் நிற்கிறது, எது முக்கியம் என்றே தெரியவில்லை, நீங்கள் வாசித்துக் கொடுத்தால் மனதில் நிற்கும் என்று வந்து கேட்டாள். நானா என்றேன். கோர்ட்டில் என் குரலை யார் கேட்டிருக்கிறார்கள், எழுதுகிறவளுக்குக் குரல் எதற்கு? ஏன் சுருங்கவில்லை? நானும்தான் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், சாட்சியம் என்று மட்டும் இரண்டாயிரம் தடவை சொல்லியிருப்பேன், மேலே போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே இந்த இயந்திரம்? பதிவு செய்கிற மென்பொருளைத் திறந்து முதல் கோப்பில் ஒரு சாட்சியத்தைத் தேடிப் பிடித்தேன், திரையில் குரல் ஒரு நீலப் புழு மாதிரி நெளிந்து கிடந்தது. நாலு நிமிடம் தள்ளி இன்னொரு சாட்சியம். இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றாக இல்லை. மூன்றாவது, நாலாவது, ஏழாவது எடுத்துப் பார்த்தேன், ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஒன்று தோளைத் தூக்கிக்கொண்டு, ஒன்று வால் நீண்டு, ஒன்றின் முன்னால் ஒரு சின்ன மூச்சு. என் காதுக்கு எல்லாம் ஒரே சாட்சியம். அதற்கு ஒவ்வொன்றும் புதுசு. மேலே போய் எடுக்க அதற்கு எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் நான் ஒரு தடவைகூடச் சொன்னதையே சொல்லவில்லை! இரண்டாயிரம் தடவையில் ஒரு மேற்படிகூட இல்லை. வேலை கெட்டுக்கிடக்கிறது, மணி பதினொன்று ஐம்பது, ஆனாலும் எனக்குள் ஏதோ துள்ளியது, எழுந்து அந்தச் சின்ன அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். சாப்பிடலாமா என்று அவர் சொல்கிற ஏழாயிரம் சாப்பிடலாமாவும் அப்படியானால் வேறு வேறுதானே, எழுத்தில் அடித்தால்தானே ஒன்று? காமாலைக்கு அப்புறம் சொன்னது வேறு மாதிரி இருந்தது, எனக்கே தெரியுமே, ஒரு வருடம் அந்தச் சொல்லில் ஒரு வறட்டுத்தனம் இருந்தது.

இப்போது யோசிக்க நேரமில்லை. மென்பொருளின் பட்டியலில் ஏற்றுமதி என்ற பொருளில் ஒரு வரி இருந்தது, அதற்குள் எம்பி-த்ரீ. சுடர்விழி பாட்டுக் கேட்பாளே, அது. ஒரு கோப்பைப் போட்டேன், ஒரு நிமிடம்தான், எழுபத்தொன்பது ஏழாகி வந்து நின்றது. ஏழு! கைதட்டிவிட்டேன். ஆனால் இந்தத் தடவை எனக்குப் புத்தி வந்திருந்தது, மீதி எங்கே என்று முதலிலேயே கேட்டேன். உதவிப் பக்கம் சொன்னது, இது மடித்துவைப்பதில்லை, எடுத்தே விடுகிறது, மனிதக் காது கவனிக்காத ஒலிகளை நீக்கிவிடும், அவை திரும்ப வரமாட்டா. மனிதக் காது. யாருடைய காது? நீதிபதி நாற்காலியை இழுக்கிற சத்தத்திலேயே இன்றைக்கு ஐயாவுக்குக் கோபம் என்று சொல்லிவிடுவாள் அஸ்மா. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் சம்மன் கொண்டுபோகிற அமீனாவா, குமாஸ்தாவா, இடது கால் வலிக்கிறதா என்பாள். எந்தக் காதை அளந்து இவர்கள் இதைச் செய்தார்கள், கண் இருக்கிறவன் காதைத்தானே? பத்துக் காதில் ஒன்பதுக்குக் கேட்காதது வேண்டாம் என்று தள்ளியிருப்பார்கள், பத்தாவது காதுதான் என் வீட்டுக்கு ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறது. மறுபடியும் அந்த நீதிபதி, மறுபடியும் வழக்கம்போல், இட்லியும் பொத்தானும். ஏழு எம்பிக் கோப்பைப் போட்டுக் கேட்டேன், என் குரல்தான், ஆனால் பக்கத்து அறைத் தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு நிறம், அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ, பயத்தில் காது எதையும் கேட்கும். அதே பட்டியலில் எண்கள் இருந்தன, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு, நூற்றிருபத்தெட்டு. எண் ஏற ஏற எடுப்பது குறையும், இடம் கூடும். முப்பத்திரண்டில் ஏழு எம்பி. அறுபத்துநாலில் போட்டேன், பதினாலு. தாளில் பெருக்கினேன், அறுபத்திரண்டு பதினாலு எண்ணூற்று அறுபத்தெட்டு. பென் டிரைவில் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு இடம். கொள்ளும். சுருக்கிய குறிப்பும் கொள்ளும். இடம் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம், இருக்கிற இடம் முழுக்க அவள் காதுக்குப் போகட்டும் என்று அறுபத்துநாலையே வைத்தேன். பன்னிரண்டு இரண்டு. ஒரு கோப்புக்கு ஒரு நிமிடம், அறுபத்திரண்டு நிமிடம், நடுவில் கை தாமதித்தால் தொலைந்தேன். பெயர் கொடு, சரி, காத்திரு, அடுத்தது. பெயர் கொடு, சரி, காத்திரு. ஒரு மணிக்கு அவர் வந்து மோர் வைத்துவிட்டுப் போனார், எடுத்துக் குடிக்க ஒரு கை மிஞ்சவில்லை. ஒன்று பன்னிரண்டுக்கு அறுபத்திரண்டாவது கோப்பு முடிந்தது, எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அஸ்மா சுவரைத் தொடாமல் நேராக அறைக்குள் வந்தாள், வந்ததும் முகத்தை என் பக்கம் திருப்பி, ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குகிறீர்களே அக்கா என்றாள். ஸ்டேஷனில் அண்ணன் பெட்டியோடு காத்திருக்கிறாராம், பத்து நிமிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டினேன், மேற்படியை, எழுபதில் நின்றதை, எடுத்தால் திரும்ப வராது என்பதை, அறுபத்துநாலு போட்டதை. எனக்குச் சரியாகத்தான் கேட்கிறது, ஆனால் உன் காதுக்கு எது குறைகிறது என்று எனக்குத் தெரியாது, நீயே கேட்டுச் சொல் என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தக் கோப்பானாலும் சரி என்றாள். கைக்கு வந்ததைத் திறந்தேன், நாற்பத்தொன்று, சாட்சியச் சட்டம். தலையைச் சற்றுத் தாழ்த்திக் கேட்டாள். ஒரு நிமிடம். இரண்டு. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கழற்றிவிடுவாள் என்று பார்த்தேன், கழற்றவில்லை, புருவம் சுருங்கியது. நாலு நிமிடம் கழித்து, "இதுல ஒண்ணு இல்லியே அக்கா" என்றாள்.

எது இல்லை என்று கேட்டேன். பக்கம் புரட்டுகிற சத்தம் என்றாள். போன மாதம் மாதிரிக்கு நான் கொடுத்த இரண்டு கோப்பிலும் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை தாள் புரளுமாம், அதை வைத்து அடுத்து வருவது பெரிய பிரிவா சின்னதா என்று அவள் கணக்குப் பண்ணிவிடுவாளாம், இதில் ஒரு தடவைகூடப் புரளவில்லை. எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன், தாளின் சத்தம் அவர்களுக்கு வேண்டாத சத்தம், எடுத்துவிட்டார்கள். நாற்பதாம் கோப்பைப் போட்டேன், அஸ்மா உடனே கையைத் தூக்கினாள், இதில் இருக்கிறது, இதோ, இதோ. நாற்பத்திரண்டிலும் இருந்தது. அப்படியானால் நாற்பத்தொன்றை மட்டும் ஏன்? பெரிய அசல் கோப்பைத் திறந்தேன், ஒரு துணுக்குகூட எடுக்கப்படாத எழுபத்தொன்பது எம்பி, ஹெட்போனைப் பிடுங்கி ஒரு காதில் நான், ஒரு காதில் அவள். நாங்கள் இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்டோம். ஒன்று இருபத்துமூன்று. மூன்று நிமிடம் ஓடியது, தள்ளித் தள்ளி வைத்துக் கேட்டேன், பத்தாம் நிமிடம், இருபதாம் நிமிடம். அசலிலும் தாள் புரளவில்லை. இயந்திரம் எதையும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது, கண்ணாடியின் திருகாணி விழுந்து காது பிடி கழன்றுவிட்டது, சரி, நாளைக்குத் திருகிக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் போட்டேன். கண்ணாடி இல்லாமல் அச்சு எனக்கு எறும்பு வரிசை. எப்படி வாசித்தேன்? இதை அஸ்மாவிடம் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நூத்திப் பதினெட்டு சொல்லுங்க" என்றாள்.

புத்தகம் இரண்டடி தள்ளி மூடிக் கிடந்தது. சொன்னேன். எல்லா மனிதரும் சாட்சி சொல்லத் தகுதியுடையவரே, இளம் வயதாலோ முதிர்ந்த வயதாலோ நோயாலோ கேட்கும் கேள்வியைப் புரிந்துகொள்ளவும் அறிவோடு பதில் சொல்லவும் முடியாதவர் என்று நீதிமன்றம் கருதினால் அன்றி. வார்த்தைகள் என்னைக் கேட்காமல் வந்தன. இருபத்து நாலு என்றாள், சொன்னேன். இருபத்தேழு. முப்பத்திரண்டில் முதல் உட்பிரிவு. சொன்னேன், சொல்லும்போது அந்த மரண வாக்குமூலம் யார் வழக்கில் வந்தது, எந்த வக்கீல் எப்படி எழுந்து ஆட்சேபித்தார், மேலே நாற்காலியிலிருந்து என்ன பதில் வந்தது எல்லாம் பின்னாலேயே வந்து நின்றன, இருபத்துமூன்று வருடத்து வழக்குகள், ஒவ்வொரு பிரிவுக்குக் கீழேயும் ஒரு முகம்.

"நான் இத நெட்டுரு போட ரெண்டு மாசம் சென்னைக்குப் போறேன். நீங்க எந்தப் பரீட்சைக்குக்கா படிச்சீங்க?"

நான் படிக்கவில்லை, வாசித்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் மின்விசிறி மெதுவாகி நின்றது, திரை கறுத்தது, ஒன்றரை. பென் டிரைவை முன்பே கழற்றி அவள் கைப்பையில் போட்டிருந்தேன். அவள் எழுந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், வாசல் வரை அப்படியே வந்தாள். சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று சென்னையில் விசாரித்துப் போன் பண்ணுகிறேன் என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயசு என்றேன். நான் வயசைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்குள் குனிந்து ஏறினாள், ஆட்டோ திரும்பி மணிமுத்தாறு பாலத்துப் பக்கம் போனது.

உள்ளே வந்தால் வீடு கரண்டு போன பிறகு வருகிற ஒரு அமைதியோடு இருந்தது. அறைக்குள் நின்றேன், உட்காரத் தோன்றவில்லை. நூற்றுப் பத்தொன்பது, பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சொல்லலாம். இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் சொன்னேன், இருந்தது. நூற்றிருபது, கணவனும் மனைவியும் சாட்சி சொல்லத் தகுதியுடையவர்கள். இருந்தது. நூற்றிருபத்தொன்று. என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல, அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவருகில் நின்றார், சாப்பிடலாமா என்று கேட்க வந்தவர் கேட்கவில்லை. நிறுத்தினால் போய்விடும் என்று பயமாக இருந்தது, நிறுத்தாமல் நூற்றிருபத்திரண்டுக்குப் போனேன், திருமணமானவர் மணவாழ்வின்போது தம் துணைவர் தமக்குச் சொன்ன எதையும் வெளியிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருபத்தொரு வருடத்தில் நான் என்ன பெரிய ரகசியம் சொன்னேன் என்றார். சிரித்துக்கொண்டே மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், பிரிவைத் தேடிப் பிடித்தார், விரலை வைத்துக்கொண்டு தொடரச் சொன்னார். சொன்னேன். நூற்றிருபத்தாறு முடியும் வரை அவர் விரல் வரி வரியாக இறங்கியது. பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிற குரலில், ஒரு வார்த்தை விட்டுவிட்டாய் என்றார். எது என்று கேட்டேன். காட்டினார். சரிதான், விட்டிருந்தேன்.

"மறுபடி சொல்லு, சாப்பாடு ஆறினா ஆறட்டும்" என்று ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தார். இன்னும் நாற்பத்தொரு பிரிவு இருந்தது.